நம்ம ஊரை நம்பி வர்ற பிள்ளைகள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் ஒரகடம் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். வீட்டுக்காரர் கம்பெனிக்கு ஷிப்ட் பஸ் ஓட்டுறார். குழுவில் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகுது. குழுக் கூட்டத்தில் தீர்மானம் வாசிச்ச அனுபவம் உண்டு, இவ்வளவு பெரிய கூட்டத்தில் மைக் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

தலைவி அக்கா எனக்குக் கொடுத்த தலைப்பு, "சென்னையும் புத்தொழிலும், நம்ம பெண்களின் பங்கும்". எனக்கு ஏன் இந்தத் தலைப்புன்னா, போன வருஷம் சென்னையில் புத்தொழில் பத்தி நடந்த ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு எங்க குழுவிலிருந்து ரெண்டு பேர் போயிட்டு வந்தோம். அங்க கேட்டதை முதல்ல சொல்றேன். அப்புறம் என் வீட்டுக் கதை ஒண்ணு சொல்றேன். அது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதை. ஆனாலும் சொல்லித்தான் ஆகணும்.

புத்தொழில்னா இங்கிலீஷ்ல ஸ்டார்ட்அப். அங்க பாடம் எடுத்த தம்பி ரொம்ப சுலபமா சொல்லிக் கொடுத்தார். "ஒரு கடை வச்சா அது தொழில். ஒரு பிரச்சினைக்குப் புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சு, அதே வழியை ஆயிரம் ஊருக்கு, லட்சம் பேருக்குக் கொண்டுபோக முடிஞ்சா அது ஸ்டார்ட்அப்" என்றார்.

இந்த மாதிரி ஆளுங்களை இழுக்கிறதுக்கு சென்னை ரொம்ப நாளாவே முயற்சி பண்ணிட்டு இருக்குதாம். 2000-ஆம் வருஷம் தரமணியில் டைடல் பார்க் திறந்தாங்க. அதுக்கப்புறம்தான் பழைய மகாபலிபுரம் ரோடு முழுக்கக் கம்ப்யூட்டர் கம்பெனி ஆச்சு. 2010-ல் அதே தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா வந்தது. படிச்ச பிள்ளைங்க மனசுல இருக்கிற யோசனையைப் பொருளாச் செஞ்சு பார்க்கிற இடம் அது. ஏத்தர்னு மின்சார ஸ்கூட்டர் ரோட்டுல ஓடுதே, அதை ஆரம்பிச்ச பசங்க அந்த ஐ.ஐ.டி.யில் படிச்சு அங்கேயே தொடங்கினவங்க. அக்னிகுல்னு இன்னொரு கம்பெனி 2024 மே மாசம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டே விட்டுட்டாங்க. 2010-ல் சென்னையில் தொடங்கின ஃப்ரெஷ்வொர்க்ஸ், 2021-ல் அமெரிக்கப் பங்குச் சந்தைக்கே போயிடுச்சு. அதை ஆரம்பிச்ச கிரிஷ் மாத்ருபூதம் திருச்சிக்காரர்.

அரசாங்கத்தில் இதுக்குன்னே "தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம்" இருக்கு. நல்ல யோசனையோட வர்ற கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய் ஆதார நிதி தர்றாங்க. பெண்கள் தலைமை ஏற்று நடத்தினா 15 லட்சம். நான் கையைத் தூக்கி, "எங்க குழு விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்டேன். குழுவாக் கேட்க முடியாது, கம்பெனியாப் பதிவு செஞ்சிருக்கணும்னு சொன்னாங்க. சரி, நமக்கு வங்கிக் கடன் இருக்கு. 20 லட்சம் வரைக்கும் சொத்துப் பிணை இல்லாம நம்ம குழுக்களுக்குக் கிடைக்குது. ஆனா உங்க வீட்டுப் பொண்ணோ பையனோ புது யோசனையோட நின்னா, இப்படி ஒரு கதவு இருக்குதுன்னு தெரிஞ்சு வச்சுக்குங்க.

2024 ஜனவரியில் நந்தம்பாக்கத்தில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்ததே, அதில் 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டாங்க. பெங்களூரும் ஐதராபாத்தும் இதே கம்பெனிகளை, இதே பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கு. கூட்டத்தில் "திறமைசாலிகளை ஈர்க்கணும், திறமைசாலிகளை ஈர்க்கணும்" என்று பத்துத் தடவை சொன்னாங்க.

கடைசியில் கேள்வி கேட்கச் சொன்னப்போ நான் மறுபடியும் எழுந்தேன். "இவ்வளவு பேரைக் கூப்பிடுறீங்களே சார், வர்றவங்க எங்க தங்குவாங்க?" என்று கேட்டேன். சில பேர் சிரிச்சாங்க. அந்தத் தம்பி சிரிக்கலை. "அம்மா, அதை நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்" என்றார்.

நான் ஏதோ புத்திசாலித்தனமாக் கேட்டேன்னு நினைக்காதீங்க. என் மனசுல ஒரு குத்தம் உறுத்திக்கிட்டு இருந்தது. அதனால கேட்டேன்.

நம்ம பக்கத்துக் கதை உங்களுக்குத் தெரியாதது இல்லை. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினாங்க, 1998-ல் முதல் கார் வெளிய வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. நம்ம வீட்டுப் பொண்ணுங்க நீலச் சட்டையோ வெள்ளைச் சட்டையோ போட்டுக்கிட்டு பஸ் ஏறினது அப்பத்தான். 2014-ல் அது நின்னுபோச்சு, எத்தனையோ வீட்டுல அடுப்பு அணைஞ்ச மாதிரி ஆச்சு. இந்தப் பக்கம் ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிசான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் புல்லட் வண்டி. இப்போ ஐபோன். எங்க மாமியார் சிப்காட் ரோட்டுல நின்னு, "இதோ இங்கதான் நான் நாத்து நட்டேன்" என்று கம்பெனி காம்பவுண்டைக் காட்டுவாங்க.

நிலம் போன பிறகு எங்களுக்கு மிஞ்சினது வீட்டுக்குப் பின்னாடி இருந்த தோட்டம்தான். 2018-ல் கடன் வாங்கி அதில் சிமெண்ட் ஷீட் போட்டு மூணு ரூம் கட்டினோம். பத்துக்குப் பன்னெண்டு அடி ரூம். கம்பெனிப் பொண்ணுங்களுக்கு வாடகைக்கு விட்டோம். ஆளுக்கு மாசம் 1,500 ரூபாய். முதல்ல ரூமுக்கு நாலு பேர்தான் வச்சேன். கேட்டு வர்றவங்க கூடிக்கிட்டே போனாங்க. அஞ்சு ஆச்சு, ஆறு ஆச்சு, ஏழு ஆச்சு. மூணு ரூமுக்கு 21 பேர். மாசம் 31,500 ரூபாய். இருந்தது ஒரே ஒரு கழிவறை, ஒரே ஒரு குளியலறை.

இப்போ கேட்டா உங்களுக்குத் திக்குனு இருக்கும். அப்போ எனக்கு அப்படித் தோணலை. "ஷிப்ட் மாறி மாறித்தானே போறாங்க, எல்லாரும் ஒரே நேரத்தில் இருக்கவா போறாங்க" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் அப்படித்தான் விட்டிருந்தாங்க. 2021 டிசம்பரில் நம்ம பக்கத்து விடுதி ஒண்ணுல சாப்பாடு ஒத்துக்காம நிறையப் பொண்ணுங்க ஆஸ்பத்திரியில் சேர்ந்து, மத்தவங்க ராத்திரியில் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தாங்களே, ஞாபகம் இருக்கா? அதை என் வீட்டுப் பொண்ணுங்களோட சேர்ந்து நானும் செல்போன்ல பார்த்தேன். "பாவம், எவ்வளவு மோசமா வச்சிருக்காங்க பாருங்க" என்று நானும்தான் சொன்னேன். என் வீட்டுப் பின்பக்கத்தை நான் திரும்பிப் பார்க்கலை.

அந்த 21 பேரில் ஒரு பொண்ணு செங்கம் பக்கத்திலிருந்து வந்தவள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிச்சிருந்தா. வீட்டுல மிக்சி நின்னுபோனா அவதான் பிரிப்பா. தண்ணித் தொட்டி நிரம்பி வழிஞ்சு மோட்டார் ஓடிக்கிட்டே இருக்குதுன்னு நான் புலம்பினேன். ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து, பழைய காலிங் பெல்லையும் ரெண்டு வயரையும் வச்சு ஏதோ பண்ணினா. தண்ணி மேல வந்தா மணி அடிக்கும். செலவு அறுபதோ எழுபதோ ரூபாய். பக்கத்து வீட்டு அக்காவும் கேட்டு அவங்களுக்கும் செஞ்சு கொடுத்தா. அது இன்னைக்கும் எங்க வீட்டுல அடிக்குது.

2022 மே மாசம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. குளிர் நடுக்கம், முதுகு வலி. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். சிறுநீர்த் தொற்று முத்தி கிட்னி வரைக்கும் போயிடுச்சுன்னு சொன்னாங்க. டாக்டரம்மா அவகிட்ட, "தண்ணி குடிக்கிறதே இல்லையாம்மா? அடக்கி வச்சுக்கிறியா?" என்று கேட்டாங்க. அவ என்னைப் பார்த்தா. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "காலையில் ஷிப்ட்டுக்குப் போறப்போ வரிசை நிக்கும் மேடம், பஸ்ஸை விட்டா லீவு போட்டுருவாங்க. அதனால தண்ணியே குடிக்க மாட்டேன்" என்றா.

அந்த வரிசை எங்க வீட்டு வரிசை, சகோதரிகளே. 21 பேருக்கு ஒரே கதவு வச்சவ நான்தான்.

அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போனார். கூலிக்காரர். போறப்போ என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "எம் பொண்ணை ஆஸ்பத்திரியில கூட இருந்து பார்த்துக்கிட்டீங்களே தாயி, நல்லாயிருக்கணும்" என்றார். அவர் திட்டியிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

சென்னைக் கூட்டத்தில் "திறமைசாலிகளை ஈர்க்கணும்" என்று சொன்னப்போ எனக்கு அவ முகம்தான் வந்தது. அந்தத் தம்பி சொன்ன கணக்குப்படி பார்த்தா, ஊருல இருந்த பிரச்சினையைப் பார்த்து, எழுபது ரூபாய்ல வழி கண்டுபிடிச்சவ அவ. அவதானே திறமைசாலி? அவ வந்து சேர்ந்த இடம் என் வீடு. அவ திரும்பிப் போனதும் என் வீட்டாலதான்.

அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் எல்லாத்தையும் சொன்னேன். ரூமுக்கு நாலு பேருக்கு மேல வைக்க மாட்டேன், இன்னும் ரெண்டு கழிவறை, ரெண்டு குளியலறை கட்டணும், 1,20,000 ரூபாய் கடன் வேணும்னு கேட்டேன். எங்க பொருளாளர் அக்கா கணக்குல கறார். "வருமானம் குறையப் போகுதுன்னும் சொல்றே, கடனும் கேட்கிறே, எப்படிக் கட்டுவே?" என்று கேட்டாங்க. நியாயமான கேள்வி. ரெண்டு கூட்டம் பேசினோம். கடைசியில் 24 தவணை, மாசம் 5,000 அசல், வட்டி தனின்னு தீர்மானம் போட்டாங்க. அந்தக் கடனை ஒரு தவணை பாக்கி இல்லாம முடிச்சுட்டேன் என்பதை இந்த மேடையில் சொல்லிக்கிறேன்.

கணக்கை மறைக்காமச் சொல்றேன். இப்போ 12 பேர், ஆளுக்கு 2,000, மாசம் 24,000. முன்ன வந்ததை விட 7,500 குறைவு. அதை ஈடுகட்ட நாங்க அஞ்சு பேர் சேர்ந்து ராத்திரிச் சாப்பாடு ஆரம்பிச்சோம். ரெண்டாவது ஷிப்ட் விட்டு வர்றப்போ மணி பத்தரை, பதினொண்ணு ஆயிடும். அந்த நேரத்தில் சமைக்க அவங்களுக்குத் தெம்பு இருக்காது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செஞ்சுக்கிட்டோம். ஒரு பொட்டலம் 50 ரூபாய், ஒரு நாளைக்கு 40 பொட்டலம். சாமான், கேஸ் எல்லாம் போக ஒரு பொட்டலத்துக்கு 14 ரூபாய் நிக்குது. மாசம் 26 நாள்னா ஆளுக்கு 2,900 ரூபாய் சொச்சம் வருது. அப்பவும் எனக்குப் பழைய வருமானத்தில் 4,600 ரூபாய் குறைதான். லாபத்தில் இருக்கேன்னு பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா இன்னொரு பக்கத்தையும் பாருங்க. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் சிப்காட் மூலமா அரசாங்கமே பெண் தொழிலாளர் விடுதி திறந்தாங்க. செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய். 13 கட்டடம், ஒரு ரூமுக்கு ஆறு பேர், மொத்தம் 18,720 பேர் தங்கலாம். வெளியூரில் வேலைக்குப் போற பெண்களுக்குத் "தோழி" விடுதியும் பல ஊர்ல திறந்திருக்காங்க. கம்பெனி வரணும்னா சலுகையும் நிலமும் மட்டும் போதாது, வர்றவங்க படுத்து எழுந்திருக்க நல்ல இடம் வேணும்னு அரசாங்கமே கணக்குப் போட்டுடுச்சு. அந்த விடுதி வந்த பிறகு எங்க தெருவுல ஏழெட்டு வீட்டுல "வாடகைக்கு" போர்டு தொங்குது. என் மூணு ரூமும் காலியாகவே இல்லை. 21 பேரை அடைச்சு வச்சிருந்தா இன்னைக்கு 21 பேரும் போயிருப்பாங்க. சம்பளத்துக்காக வர்றவங்க, நல்லா இருந்தாத்தான் தங்குவாங்க.

அதனால, பங்குன்னா என்னன்னு என்னைக் கேட்டா, நம்ம எல்லாரும் ராக்கெட் விட வேண்டாம். ராக்கெட் விடப்போற பிள்ளை நம்ம வீட்டுல தங்கியிருக்கலாம், அதை நல்லா வச்சுக்குவோம். வீடு வாடகைக்கு விடுற உறுப்பினர்கள் நம்ம கூட்டமைப்பில் நூத்துக்கணக்கில் இருக்கோம். உங்க முன்னாடி நான் சில வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டமைப்பும், பொண்ணுங்களுக்கு ரூம் விடுற நம்ம உறுப்பினர் வீடுகளை ஒரு நோட்டில் எழுதுவோம். ரூமுக்கு நாலு பேர், அஞ்சாறு பேருக்கு ஒரு கழிவறைங்கிறதை நமக்கு நாமே விதியா வச்சுக்குவோம். கட்டப் பணம் இல்லாதவங்களுக்குக் குழுக் கடனில் முன்னுரிமை கொடுப்போம். தங்கியிருக்கிற ஒவ்வொரு பொண்ணோட வீட்டு நம்பரும் நம்ம கையில் இருக்கணும். உடம்பு சரியில்லாத பொண்ணை வாடகை கேட்டு விரட்டக் கூடாது. 181 பெண்கள் உதவி எண்ணைக் கதவுக்குப் பின்னாடி எழுதி ஒட்டுவோம். விடுதியாவே நடத்துறவங்க, 2014-ல் வந்த சட்டப்படி மாவட்ட ஆட்சியர்கிட்ட பதிவு செஞ்சு உரிமம் வாங்கியாகணும். தெரியாதவங்க தெரிஞ்சவங்களைக் கேட்டுச் செய்யுங்க, பயந்துக்கிட்டு மறைக்காதீங்க.

இன்னொண்ணு. இப்போ ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் பொண்ணுங்க வர்றாங்க. என் வீட்டுல மூணு பேர் இருக்காங்க. என்னை "தீதி"ன்னு கூப்பிடுவாங்க, அவங்க பாஷையில அக்காவாம். அவங்களுக்குச் சோத்துல கடுகு எண்ணெய் வாசம் வேணும், எனக்கு அது குமட்டும். பரவாயில்லை, தனி அடுப்பு கொடுத்துட்டேன். "வடக்கத்தியாளுக்கு வீடு இல்லை" என்று நம்ம உறுப்பினர் வீட்டு வாசலில் யாரும் சொல்ல வேண்டாம். அந்தப் பொண்ணுங்களுக்கும் ஊர்ல அம்மா இருக்காங்க.

என் பொண்ணு இப்போ அரசுப் பள்ளியில் பன்னெண்டாவது படிக்கிறா. புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் வரும், சென்னையில் கம்ப்யூட்டர் படிப்பு படிக்கணும்னு சொல்றா. படிக்க வைக்கத்தான் போறேன். தரமணியிலோ கிண்டியிலோ ஏதோ ஒரு அக்கா வீட்டு ரூம்ல அவ தங்குவா. அந்த அக்கா ஒரு ரூம்ல எத்தனை பேரை வச்சிருப்பாங்களோன்னு இப்பவே எனக்கு ராத்திரியில் நினைப்பு வருது.

அந்தச் செங்கத்துப் பொண்ணு நல்லாயிட்டா. ஊர்ல செல்போன் பழுது பார்க்கிற கடையில் வேலை செய்றா. அப்பப்போ போன் பண்ணுவா. "வந்துடும்மா, இப்போ மூணு பாத்ரூம் இருக்கு, உனக்கு ஒரு இடம் ஒதுக்கி வைக்கிறேன்" என்று நான் சொல்லுவேன். "பார்க்கலாம்க்கா" என்பா. இன்னும் வரலை. அந்தப் புத்தொழில் நிதி பத்திக் கேட்டுட்டு வந்த அன்னைக்கே அவகிட்ட சொன்னேன். தொட்டி மணியைப் பத்தித் தாள்ல எழுதி அனுப்புறேன்னு சொல்லியிருக்கா. எழுதினா, கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்னோடது.